எனக்கு இல்லாத சர்க்கரை நோய்

எனக்கு ஏழு வருடம் சர்க்கரை நோய் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோறு தின்ற கை காய்வதற்குள் அது போய்விட்டது. எந்த டாக்டரும் குணப்படுத்தவில்லை. எனக்கு அந்த நோய் இல்லவே இல்லை என்று நானே வாயைத் திறந்து சொன்னேன், அவ்வளவுதான்.

பிள்ளைகளா, அப்பா தினம் இரண்டு வேளை மாத்திரை போடுவதையும், சில மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் கொடுக்கப் போவதையும் பார்த்தே நீங்கள் வளர்ந்தீர்கள். அது மனநோய்க்கான மாத்திரை என்பதை உங்களிடம் நான் மறைத்ததில்லை. ஆனால் ஊரிடம் மறைத்த காலம் ஒன்று இருந்தது. மறைத்ததால் என்ன ஆனது, சொன்னதால் என்ன ஆனது என்று முழுசாக உட்கார்ந்து உங்களுக்குச் சொன்னதில்லை. நான் பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. படித்தவன். எழுதிப் பழக்கம் இல்லாதவன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கப்பலூரில் ஒரு சின்னக் கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு இருபத்து நான்கு வயது. அய்யா, அதாவது உங்கள் தாத்தா, நான் பள்ளிக்கூடம் போகும்போதே இறந்துவிட்டார். வீட்டில் ஆத்தா, நான், தங்கச்சி மூன்று பேர்தான். மேற்கே எங்கள் சொந்த ஊரில் இருந்த கொஞ்ச நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் திருநகர் பக்கம் வாடகைக்கு இருந்தோம்.

ஒரு சித்திரை மாதம் எனக்குத் தூக்கம் போய்விட்டது. தூக்கம் வராமல் புரண்டு கிடந்தேன் என்று நினைக்காதீர்கள். தூக்கமே தேவைப்படவில்லை. உடம்பு காற்று மாதிரி இருந்தது. பேச ஆரம்பித்தால் நிறுத்த முடியவில்லை. கம்பெனியில் இருக்கும் ஆறு லேத்தையும் நான் ஒருத்தனே ஓட்டுகிறேன், மற்றவர்கள் வீட்டுக்குப் போங்கள் என்று முதலாளியிடமே சொன்னேன். என் சைக்கிளை வழியில் போன ஒருவருக்குக் கொடுத்துவிட்டு நடந்து வந்தேன். பத்தாவது நாள் பட்டப்பகலில் வேலையை விட்டு வெளியே போய், ஹைவேஸ் ரோட்டின் நடுவில் நின்று லாரிகளுக்குக் கை காட்டினேன். நான் சொன்னால்தான் அவை போக வேண்டும், நான் சொன்னால்தான் நிற்க வேண்டும் என்று முழுசாக நம்பினேன். ஒரு லாரி என் நெஞ்சுக்கு ஒரு முழம் முன்னால் வந்து நின்றது. கம்பெனியில் மூத்தவரான ஒரு அண்ணன் ஓடி வந்து என்னை இடுப்போடு கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு ஆத்தா என்னை ஒரு கோயிலுக்குக் கூட்டிப் போய் ஒரு மாதம் வைத்திருந்தாள். திருநீறு, எலுமிச்சம்பழம், மந்திரித்த கயிறு எல்லாம் ஆனது. அந்த ஒரு மாதத்தில் நான் மேலே ஏறிய அளவுக்குக் கீழே இறங்கினேன். சுவரைப் பார்த்துப் படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை. அந்த அண்ணன்தான் மறுபடி வந்தார். "ஆத்தா, சாமிகிட்ட விட்டது போதும். டாக்டர்கிட்ட நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார். டாக்டர் என்னிடம் அரை மணி நேரம் பேசினார். மனசு ஒரு காலத்தில் மேலே ஓடும், ஒரு காலத்தில் கீழே விழும், இது ஒரு நோய், மாத்திரை விடாமல் சாப்பிட்டால் வேலைக்குப் போகலாம், கல்யாணம் முடிக்கலாம், எல்லாரையும் போல இருக்கலாம் என்றார். லித்தியம் என்று ஒரு மாத்திரை கொடுத்தார். ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு கூடவும் கூடாது, குறையவும் கூடாது, அதனால் அடிக்கடி ரத்தம் சோதிக்க வேண்டும் என்றார்.

இரண்டு மாதத்தில் மறுபடி லேத்துக்கு முன்னால் நின்றேன். முதலாளி சேர்த்துக்கொண்டார். என் நோயைப் பற்றி அவருக்கும் அந்த அண்ணனுக்கும் தெரியும். மற்றவர்களிடம், "வெயில்ல மண்டை சூடாகிப்போச்சு" என்று அண்ணனே சொல்லி முடித்துவிட்டார்.

தெருவில்தான் சிக்கல் வந்தது. அந்த மாத்திரைக்கு மூன்று குணம் உண்டு. நாக்கு வறண்டு தாகம் எடுத்துக்கொண்டே இருக்கும். அதனால் அடிக்கடி ஒதுங்கப் போக வேண்டும். கை லேசாக நடுங்கும். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா, ஒருநாள் என் கையில் லேப் சீட்டையும் பார்த்துவிட்டு ஆத்தாவிடம் கேட்டாள்.

"ஏத்தா, தம்பி இம்புட்டுத் தண்ணி குடிக்கான், ரத்தம் வேற குடுத்துட்டு வாரான். இந்த வயசுலயே சுகரா?"

ஆத்தா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஆமாத்தா, சுகருதான். எங்க போயிச் சொல்ல" என்றாள்.

அன்று சாயந்தரத்துக்குள் தெருவுக்கே எனக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்துவிட்டது. அதில் எவ்வளவு மரியாதை இருந்தது என்று உங்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஒருவர் பாகற்காய் வாங்கி வந்து கொடுத்தார். ஒருவர் வெந்தயத்தை ஊறவைத்துத் தின்னச் சொன்னார். எதிர்வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் நாவல் கொட்டையைக் காயவைத்துப் பொடித்து டப்பாவில் போட்டுக் கொடுத்து, சாப்பிட்டேனா என்று வாரா வாரம் விசாரித்தார். சாப்பிட்டேன். கப்பலூர் டீக்கடையில் நான் பெஞ்சில் உட்காருவதற்கு முன்பே, "நம்ம அண்ணனுக்குச் சீனி இல்லாம ஒண்ணு" என்று சத்தம் கேட்கும். பொய்க்குப் பத்தியம் இருந்தவன் மதுரையில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

அதே டீக்கடைக்கு இன்னொருவர் வருவார். முன்னால் பஸ் கண்டக்டராக இருந்தவர். தனக்குத்தானே பேசிக்கொண்டு ரோட்டோரமாக நடப்பார். எனக்கு இருந்த மாதிரி ஒரு நோய்தான், மாத்திரை வாங்கிக் கொடுக்கத்தான் அவருக்கு ஆள் இல்லை. அவரைக் கண்டால் பெஞ்சில் இருப்பவர்களுக்குக் கொண்டாட்டம்.

"அண்ணே, மாட்டுத்தாவணிக்கு ஒரு டிக்கெட்டு!"

"டபுள் விசில் குடுண்ணே, வண்டி கெளம்பட்டும்!"

"அவருக்கு மறை கழண்டு எம்புட்டு நாளாச்சு, இன்னும் டிக்கெட்டு கேக்கிறியே மாப்ள."

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். நான் மட்டும் சிரிக்காமல் இருந்தால் யாராவது என் முகத்தைப் பார்ப்பார்களோ என்று பயந்து, மற்றவர்களைவிட ஒரு பங்கு கூடவே சிரிப்பேன். என் வாழ்க்கையில் நான் வெட்கப்படுகிற விஷயம் ரோட்டில் நின்று லாரிக்குக் கை காட்டியது இல்லை. அது நோய் செய்தது. இந்தச் சிரிப்பை நான் செய்தேன்.

இப்படியே தங்கச்சிக்குக் கல்யாணமும் ஆனது. பெண் கேட்டு வந்தவர்களிடம், "பையனுக்குச் சுகர் மட்டும் இருக்கு, வேற ஒரு கெட்ட பழக்கமும் இல்ல" என்று ஆத்தா சொன்னாள். நான் தலையாட்டினேன். மாப்பிள்ளை வீட்டார் பழங்காநத்தத்தில் இருந்தார்கள். விசேஷ வீடுகளுக்குப் பாத்திரமும் நாற்காலியும் வாடகைக்கு விடும் கடை. மாமனார் இல்லை. மாமியார்தான் கடையையும் வீட்டையும் நடத்தினார். மாப்பிள்ளை தாட்டியான ஆள், நல்ல மனசு, சாப்பாட்டுப் பிரியர்.

தங்கச்சிக்கு முதலில் பெண் குழந்தை பிறந்தது. அதற்கு ஒன்றரை வயதில் அழகர்கோவிலில் மொட்டை போட்டுக் காது குத்துவதாக நாள் குறித்தார்கள். நம் பக்கம் தாய்மாமன் மடியில் உட்காராமல் எந்தப் பிள்ளைக்கும் காது குத்துவதில்லை என்று உங்களுக்குத் தெரியும். அந்த மடி என்பது வெறும் மடி இல்லை. அப்பன் இல்லாத வீட்டில், ஒரு தங்கச்சிக்கு ஒரே அண்ணனாக இருப்பவனுக்கு, ஊர் முன்னால் நான் இன்னான் என்று சொல்லிக்கொள்ள அதைவிட ஒரு இடம் கிடையாது. எனக்கு அப்போது முப்பத்தொரு வயது, கல்யாணம் ஆகவில்லை. அந்தப் பிள்ளை பிறந்ததிலிருந்து அந்த நாளுக்காகத்தான் காத்திருந்தேன்.

காது குத்துக்கு இருபது நாள் இருக்கும்போது அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாப்பிள்ளை தனியாக பைக்கில் வந்தார். ஆத்தா கறிக்குழம்பு வைத்திருந்தாள். நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, ஸ்டூலை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மச்சான், ஒரு விசயம். எனக்கும் உங்க நோயி வந்துருச்சு."

வாசல் கதவு திறந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். "என்ன நோயி?"

"சுகருதான். போன மாசம் டெஸ்ட் பண்ணதுல தெரிஞ்சுச்சு. இனி நம்ம ரெண்டு பேரும் ஒரே கட்சி!" என்று தொடையில் தட்டினார். "டாக்டரு என்னமோ மாத்திரை எழுதிக் குடுத்தாரு. எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. உங்களப் பாத்தேன். ஏழு வருசமா அந்த மாத்திரையத்தான் போடுறீக, ஒரு தொந்தரவும் இல்ல, ஆளும் ஒடம்பு போடாம இருக்கீக. அதான் போன வாரம் நீங்க வேலைக்குப் போயிருந்தப்ப வந்து அத்தைகிட்டக் கேட்டு உங்க மாத்திரைல பத்து வாங்கிட்டுப் போனேன். அஞ்சு நாளா காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

நான் ஆத்தாவைப் பார்த்தேன். அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேர் தெரியக் கூடாது என்று என் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, ஒரு ஊறுகாய் பாட்டிலில் போட்டு வைப்பது அவள் பழக்கம். அதிலிருந்துதான் எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

"டாக்டர் குடுத்தத நிப்பாட்டிட்டீகளா?"

"அது எதுக்கு ரெண்டு? ஆனா மச்சான், ஒரு சந்தேகம். வயித்தப் பொரட்டுது. கை வேற லேசா ஆடுது, பாருங்க." கையை நீட்டிக் காட்டினார். பெரிய கை. விரல் நுனி நடுங்கியது. "அது பழகிருமா? மாத்திரை நேத்தோட தீந்துபோச்சு. இன்னும் ஒரு முப்பது குடுங்க."

ஊறுகாய் பாட்டில் எதிரே அலமாரியில் இருந்தது. அவர் எழுந்தால் கைக்கு எட்டும். தீர்ந்துவிட்டது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் அவர் மருந்துக் கடைக்குப் போய் விசாரிப்பார், இல்லையென்றால் நான் இல்லாதபோது மறுபடி ஆத்தாவிடம் வருவார். உண்மையைச் சொன்னால் என்ன போகும் என்பதும் எனக்குத் தெரிந்தது. மடி போகும்.

"மாப்ள, அது சுகர் மாத்திரை இல்ல."

"டேய், அந்தத் தட்ட எடுத்துட்டு உள்ள வா" என்றாள் ஆத்தா.

"எனக்குச் சுகரே இல்ல மாப்ள. ஏழு வருசமா பொய் சொல்லியிருக்கோம்."

மாப்பிள்ளை சிரித்தார். "பின்ன என்ன, சத்து மாத்திரையா?"

"மனநோய்க்கு. இருபத்து நாலு வயசுல எனக்கு வந்துச்சு. மாத்திரை போட்டா வராது. போடுறேன், அதுக்கப்புறம் வரல. நல்லா இருக்கவுக அத முழுங்கக் கூடாது. எந்திரிங்க, டாக்டர்கிட்டப் போவோம்."

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. என் முகத்தைப் பார்த்தார், பிறகு என் கையைப் பார்த்தார். உட்கார்ந்தபடியே ஸ்டூலை அரை அடி பின்னால் தள்ளினார். அவர் வேண்டுமென்று செய்யவில்லை. அவருக்கே தெரியாது. ஆனால் ஸ்டூல் கால் சிமெண்டுத் தரையில் கிறீச்சென்று போட்ட சத்தம் மூன்று பேருக்கும் கேட்டது.

அன்றைக்கே என் டாக்டரின் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். ஞாயிற்றுக்கிழமையும் அவர் வீட்டில் நோயாளிகளைப் பார்ப்பார். ஐந்து நாள் மருந்தால் பெரிய கெடுதல் ஒன்றும் இல்லை, அதை நிறுத்திவிட்டு நிறையத் தண்ணீர் குடித்தால் போதும் என்றார். சர்க்கரை மாத்திரையை நிறுத்தியதற்கு மாப்பிள்ளையைத் திட்டினார். என்னை அதைவிட அதிகமாகத் திட்டினார். திரும்பி வரும்போது, வாசலில் காத்திருந்தவர்களை மாப்பிள்ளை உற்றுப் பார்த்தார். பேன்ட் சட்டையில் ஒரு ஆபீசர், காலேஜ் பை வைத்திருந்த ஒரு பெண், மல்லிகைப் பூ வைத்த ஒரு அம்மா.

"இவுகளுமா மச்சான்?" என்றார், மெதுவாக.

"இவுகளுந்தான்."

பைக்கில் என்னை இறக்கிவிடும்போது, "நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்" என்றார். நம் மாப்பிள்ளை வயிற்றில் எவ்வளவு சோறு வேண்டுமானாலும் தங்கும், பேச்சு மட்டும் தங்காது. எனக்குத் தெரியும்.

வீட்டில் ஆத்தா விளக்குக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். ஏன் கொடுத்தாய் என்று கேட்டேன்.

"நான் என்னத்தச் செய்ய? தரமாட்டேன்னு சொன்னா ஏன்னு கேப்பாரு. என்ன சொல்லுவேன்? பத்து மாத்திரைல என்ன ஆகிரப்போகுதுன்னு நெனச்சேன்" என்று அழுதாள். எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு பொய்யைக் காப்பாற்ற, மகளின் புருஷனுக்கே தெரியாத மருந்தை எடுத்துக் கொடுக்கும் அளவுக்கு அந்தப் பயம் அவளைப் பிடித்திருந்தது. நோய் எனக்கு மட்டும் வந்தது என்று நினைத்திருந்தேன்.

நான்காம் நாள் தங்கச்சி இடுப்பில் பிள்ளையோடு வந்தாள். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"அண்ணே, எங்க மாமியாருக்குத் தெரிஞ்சுபோச்சு. காது குத்து குறிச்ச நாள்லதானாம். ஆனா மடியில வைக்க நம்ம சித்தப்பா மகன உக்காரச் சொல்றாக. நீ சீர மட்டும் கொண்டுவந்து வச்சாப் போதுமாம்."

"சீரு என் கையில வாங்கிக்குவாகளா?"

"அது வாங்கிக்குவாகளாம்."

"அந்தக் கையில பிள்ளையக் குடுக்க மாட்டாகளா?"

தங்கச்சிக்குக் கண் நிறைந்துவிட்டது. "நீ உக்காராட்டி நான் காதே குத்த மாட்டேன். என் பிள்ளை மூளிக் காதோடயே வளரட்டும்" என்றாள். பிள்ளை என்னிடம் தாவி வந்து என் சட்டைப் பை பேனாவைப் பிடுங்கியது.

"நீ ஒண்ணும் பேசாத. அங்க நீ வாழணும். நான் போயிப் பேசிட்டு வாரேன்" என்றேன்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் பழங்காநத்தம் போனேன். மாமியார் கடையில் இருந்தார். ஒரு கல்யாண வீட்டிலிருந்து திரும்பி வந்த பாத்திரங்களைப் பரப்பி, ஒவ்வொன்றாகத் திருப்பி, அடி பிடித்திருக்கிறதா, நெளிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"அத்தே, ஒரு விசயம் பேசணும்."

"பேசு. அந்த அண்டாவ இப்பிடித் திருப்பிப் பிடி."

பிடித்தேன். என் கை நடுங்கியது. அவர் அண்டாவைப் பார்க்காமல் என் கையைப் பார்த்தார்.

"ஏன் கை ஆடுது?"

"மாத்திரையால."

"அப்ப மாத்திரையப் போடாம இருந்தா ஆடாதுல்ல?"

"கை ஆடாது. மண்டைதான் ஆடும்."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் உதட்டை இறுக்கிக்கொண்டார். பிறகு கேட்டார்: "பொண்ணு கேட்டு வந்தன்னைக்கு எங்ககிட்ட என்ன சொன்னீக?"

"சுகருன்னு சொன்னோம். அது தப்பு. அந்தத் தப்பு ஒங்ககிட்டச் செஞ்சதுதான். அதைச் சொல்லத்தான் மொதல்ல வந்தேன்."

அவர் ஒரு கரண்டியைத் துடைத்து வைத்தார். நான் சண்டை போட வந்திருப்பேன் என்று எதிர்பார்த்திருந்தாரோ என்னவோ. அதற்கப்புறம் அவர் கேட்க ஆரம்பித்தார். இந்த ஏழு வருடத்தில் யாரும் என்னிடம் நேராக எதையும் கேட்டதில்லை. டாக்டருக்குப் பிறகு அவர்தான் கேட்டார்.

"அது வந்தப்ப என்ன செஞ்ச?"

லாரிக் கதையை விடாமல் சொன்னேன்.

"யாரையும் அடிச்சியா?"

"ஆத்தாவத் தள்ளிவிட்டேன். ஒரு தடவ. கதவுல போயி விழுந்துச்சு. கை வீங்கிப்போச்சு."

"வேற?"

"வேற இல்ல."

"திரும்ப வருமா?"

"மாத்திரை போட்டா வராம இருக்கும்னு டாக்டர் சொல்றாரு. வந்தாலும் தூக்கம் குறையுறப்பவே எனக்குத் தெரியும். அன்னைக்கே போயி அவரப் பாப்பேன்."

"எம் பேத்திக்கு வந்துருமா?"

"ரத்த சம்பந்தத்துல சில பேருக்கு வரலாமாம். வந்தே தீரும்னு இல்லையாம். எனக்குத் தெரிஞ்சது இம்புட்டுத்தான் அத்தே. தெரியாதத நான் சொல்லல."

தெருவில் ஒரு பஸ் ஆரன் அடித்துக்கொண்டு போனது. அவர் ஒரு குத்துச்சட்டியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார்.

"எங்க வீட்டுக்காரரு குடிச்சுப்போட்டு வந்து இருபது வருசம் என்னயத் தள்ளிவிட்டாரு. ஒரு தடவ இல்ல. பல்லு ஒண்ணு போச்சு, இந்தா" என்று வாயைத் திறந்து காட்டினார். "அவருக்குக் கூடப்பொறந்தது நாலு தங்கச்சி. அம்புட்டுப் பிள்ளைகளுக்கும் அவரு மடியிலதான் காது குத்துனாக. குடிச்சுப்போட்டே உக்காந்தாரு, ஒருத்தன் வேணாம்னு சொல்லல. நானும் சொல்லல."

நான் அண்டாவைக் கீழே வைத்தேன். அவரே தொடர்ந்தார்.

"எனக்குப் பயமாத்தான் இருக்கு. பொய் சொல்லல. நீ உக்காரு. நானும் பக்கத்துல உக்காருவேன். ஒன் முழி ஒரு மாதிரி போச்சுன்னாக்கூடப் பிள்ளையப் புடுங்கிட்டுப் போயிருவேன். அப்புறம் என்னயக் கொறை சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன் அத்தே."

"சரி, அந்தத் தூக்குவாளிய எடு."

பாதிப் பாத்திரம் முடியும்வரை அங்கேயே இருந்துவிட்டுத்தான் வந்தேன்.

காது குத்து அன்று இரண்டு வேன் நிறைய ஆட்கள். அழகர்கோவிலில் அன்று நம்மைப் போல இன்னும் பத்துக் குடும்பம் வந்திருந்தது. மொட்டை போட்டுச் சந்தனம் தடவிய தலையோடு பிள்ளை முழித்துக்கொண்டிருந்தது. மரத்தடியில் ஜமுக்காளம் விரித்து, காது குத்தும் ஆசாரி தங்கக் கம்பியை எடுத்து வைத்தார். எங்கள் சித்தப்பா மகன் பட்டு வேட்டியோடு ஓரமாக நின்றான். மாமியார் எல்லார் காதிலும் விழும்படி கூப்பிட்டார்.

"மாமன் எங்கப்பா? வந்து உக்காரு."

நான் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பின்னால் ஒரு வயசாளியின் குரல் கேட்டது. "ஏத்தா, அவனுக்கு என்னமோ மண்டையில..."

மாமியார் திரும்பினார். "எனக்குத் தெரியும். அவனே நேர்ல வந்து சொன்னான். ஒனக்கு எவன் சொன்னான்?"

சித்தப்பா மகன் என் காதருகே குனிந்து, "நல்லவேளைண்ணே. பிள்ளை அழுதா எனக்குக் கை கால் ஓடாது" என்று சொல்லிவிட்டு நழுவினான்.

பிள்ளையை மடியில் வைத்தார்கள். மாமியார் சொன்னபடியே என் இடப்பக்கம் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, பிள்ளையின் இரண்டு காலையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அவர் கண் பிள்ளைமேல் இல்லை, என் முகத்தின்மேல் இருந்தது. ஆசாரி என் கையைப் பார்த்துவிட்டு, "மாமா, தலை அசையக் கூடாது" என்றார். கை நடுங்கத்தான் செய்தது. பிள்ளையின் தலையை என் நெஞ்சோடு அணைத்து, என் முழங்கையை விலாவோடு ஒட்டி அழுத்திக்கொண்டேன். அப்போது நின்றது. ஒரு காது. பிள்ளை மரமே அதிர வீரிட்டது. எனக்கு நெஞ்சு பதறியது, ஆனால் அது எந்த மாமனுக்கும் பதறும் பதற்றம்தான். இரண்டாவது காது. முடிந்தபோது என் புது வேட்டி முழுக்க மூத்திரம்.

மாமியார் அப்போதும் பிள்ளையின் காலை விடவில்லை. சுற்றி இருந்தவர்கள் சிரித்த பிறகுதான் விட்டார்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது இன்னொரு பொய். அந்த வயசாளி அன்று என் கையால் வெற்றிலை வாங்கவில்லை. அதற்குப் பிறகு எனக்குப் பார்த்த இரண்டு பெண் வீட்டில் முதல் நாளே சொன்னேன். இரண்டு வீடும் திரும்பி வரவில்லை. மூன்றாவது வீட்டில் உங்கள் அம்மா, "மாத்திரைய மறந்தா நான் ஞாபகப்படுத்தலாமா, கோவிச்சுக்குவீகளா?" என்று மட்டும் கேட்டாள். ஆத்தா கடைசிவரை தெருவில் சுகர் என்றுதான் சொன்னாள். நான் தடுக்கவில்லை. அவளுக்கு அந்தப் பயத்துக்கு யாரும் மாத்திரை கொடுக்கவில்லை. டீக்கடையில் மட்டும் நான் சொன்னேன். எனக்கு என்ன மாத்திரை என்று சொல்லிவிட்டு, கண்டக்டர் அண்ணனுக்கு ஒரு டீ போடச் சொல்லிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெஞ்சில் ஒரு வாரம் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அடுத்த வாரம் ஒருவர் உட்கார்ந்து, தன் மனைவி இரண்டு மாதமாகத் தூங்கவில்லை, அந்த டாக்டரின் விலாசம் வேண்டும் என்று கேட்டார். அவருக்குப் பிறகு இன்னும் சிலர் கேட்டிருக்கிறார்கள். எல்லாரும் தனியாகத்தான் வந்து கேட்பார்கள். நான் சத்தமாகவே பதில் சொல்வேன்.

நீங்களும் அப்படியே சொல்லுங்கள். உங்கள் அப்பாவுக்கு என்ன என்று யாராவது கேட்டால், குரலைத் தாழ்த்தாமல் சொல்லுங்கள். தாழ்த்தினால் அங்கேதான் பொய் ஆரம்பிக்கும்.

மூன்று வருடம் கழித்துத் தங்கச்சியின் மகனுக்கு அதே அழகர்கோவிலில் காது குத்தினோம். யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் போய் உட்கார்ந்தேன், அவனைத் தூக்கி என் மடியில் வைத்தார்கள். அக்காவைவிட அவன் பலசாலி. உதைத்த உதையில் சந்தனக் கிண்ணம் உருண்டது. ஆசாரி, "யாராச்சும் காலப் பிடிங்கப்பா" என்றார். இடப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். ஜமுக்காளத்தில் யாரும் இல்லை. மாமியார் தூரத்தில் அடுப்படியில், இடுப்பில் கை வைத்துச் சமையல்காரரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்.

"அத்தே!" என்று கத்தினேன்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீயே பிடிச்சுக்க மருமகனே! இங்க ஒருத்தன் அரிசிய அரை வேக்காட்டுல எறக்கிட்டு நிக்கிறான்!"